அதிரும் தராசு

கச்சேரி தொடங்கும் முன் மிருதங்கக்காரர் தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் அப்புவார், தட்டிப் பார்ப்பார், போதாதென்றால் இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். தோலின் மேல் எடை ஏறினால் அது மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் சுருதி இறங்கும். வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கறுப்புச் சோறும் எடையைக் கொண்டுதான் வேலை செய்கிறது. தாறுமாறாக அதிர வேண்டிய ஒரு தோலை அந்தக் கறுப்பு வட்டம் எப்படி ஸ்வரம் பேச வைக்கிறது என்பதை சி.வி. ராமன் 1920-லும், பிறகு விரிவாக 1934-லும் எழுதினார்.

இப்போது அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவோம். எவ்வளவு ரவை அப்பினோம் என்பது தெரியாது. சுருதி எவ்வளவு இறங்கியது என்பது தெரியும். அப்படியானால் ரவையின் எடையைச் சொல்லிவிடலாம் அல்லவா? ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தை, ஒரு வைரஸை, ஒரு செல்லை அதிரும் நுண்கருவியால் நிறுக்கும் துறை முழுக்க இந்த ஒரு விதியை நம்பித்தான் நடக்கிறது.

விதி எளிமையானது. அதிரும் பொருளின் எடை நூற்றில் ஒரு பங்கு கூடினால், அதன் அதிர்வெண் நூற்றில் அரைப் பங்கு குறையும். ஆகவே மிகச் சிறிய எடையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் தெரிகின்றன. அதிரும் பொருளையே மிக இலேசாகச் செய்யலாம். அல்லது அதிர்வெண்ணை மிக நுட்பமாகப் படிக்கலாம். உணர்திறன் என்றதும் பலரும் முதல் வழியைத்தான் பேசுகிறார்கள். கருவியை எவ்வளவு சிறிதாக்கினோம் என்பதே சாதனைப் பட்டியலாகிவிட்டது. என் கணிப்பு வேறு. நாம் தேடும் மூலக்கூறு நீரில் இருக்கிறது, அது கருவியிடம் வந்து சேர வேண்டும், வந்து ஒட்டியது அதுதானா என்பதும் உறுதியாக வேண்டும். ரத்தப் பரிசோதனை வரைக்கும் போக நினைத்த கருவிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தடுக்கி விழுந்தன.

முதலில் பழைய கருவியைப் பார்த்துவிடலாம். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று ஜாக் கியூரியும் பியர் கியூரியும் 1880-ல் கண்டார்கள். இதன் மறுபக்கமும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அசையும். ரூபாய் நாணயத்தை விடச் சிறிய, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனமே உள்ள குவார்ட்ஸ் வில்லை ஒன்றை எடுத்து, இரு பக்கமும் தங்கம் பூசி, மாறுமின்சாரம் கொடுத்தால் அது விநாடிக்கு 50 லட்சம் முறை அதிரும். 1959-ல் குன்டர் சாவர்பிரே என்ற ஜெர்மன் இயற்பியலாளர், இந்த வில்லையின் மேல் படியும் மெல்லிய படலத்தின் எடைக்கும் அதிர்வெண் குறைவுக்கும் நேர் விகிதம் இருப்பதைக் காட்டினார். 50 லட்சத்தில் ஒரே ஒரு ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஒரே ஒரு அதிர்வு, குறைந்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரே ஒரு அடுக்காகப் புரதம் படிந்தால் சில நூறு நானோகிராம் வரும். அதாவது சில பத்து ஹெர்ட்ஸ். அதைப் படிப்பது ஒன்றும் கடினமில்லை.

இந்த வில்லையின் பெரிய பலம் அது அதிரும் விதம். மேலும் கீழுமாக அது குதிப்பதில்லை. மேல்முகம் ஒரு பக்கமும் கீழ்முகம் எதிர்ப்பக்கமுமாக வழுக்குகிறது. அதனால் நீரில் வைத்தாலும் அது நீரை அடித்துத் தள்ளுவதில்லை. மேற்பரப்பை ஒட்டிய கால் மைக்ரோமீட்டர் அளவு நீரை மட்டும் இழுத்துக்கொண்டு அசைகிறது. அந்த இழுப்பால் அதிர்வெண் சுமார் 700 ஹெர்ட்ஸ் இறங்குகிறது, ஆனால் அதிர்வு செத்துப்போவதில்லை. 1990-களில் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தினர் இன்னொரு படி போனார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகு அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதையும் அளந்தார்கள். விறைப்பான படலம் என்றால் மெதுவாக அடங்கும். கொழகொழவென்று நீர் கோத்த படலம் என்றால் சட்டென்று அடங்கும். எடையோடு சேர்த்து, ஒட்டியது எப்படிப்பட்ட பொருள் என்பதற்கும் ஒரு துப்பு கிடைத்தது. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நம்பி உழைக்கும் கருவி இதுதான் என்பதை, நானோ ஆரவாரத்தில் மறந்துவிடக் கூடாது.

ஆனால் குவார்ட்ஸ் வில்லை கனமானது. ஒன்றிரண்டு மூலக்கூறுகள் ஏறினால் அதற்கு உறைக்காது. இலேசான பொருள் 1986-ல் வேறொரு வேலைக்காக வந்தது. பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியை அமைத்தபோது, ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் நுண்பட்டை, அதாவது கான்டிலீவர், ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது. சில ஆண்டுகளில் சிலிக்கான் சில்லு செய்யும் முறையிலேயே இத்தகைய பட்டைகளை வரிசையாகச் செதுக்கக் கற்றுக்கொண்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கிரெய்க்ஹெட் குழு 2001-ல், குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றும் ஆன்டிபாடி பூசிய பட்டையில் ஒட்டிய ஒற்றை ஈ.கோலி பேக்டீரியாவை அதிர்வெண் மாற்றத்தாலேயே கண்டது. 2004-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரஷீத் பஷீர் குழு, பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸை ஒவ்வொன்றாக நிறுத்தது. ஒன்றின் எடை ஏறத்தாழ 10 ஃபெம்டோகிராம். ஒரு நானோகிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஃபெம்டோகிராம்.

எல்லைக்கோடு 2012-ல் பார்சிலோனாவில் தொடப்பட்டது. ஏட்ரியன் பாக்டோல்ட் குழு, சுமார் 150 நானோமீட்டர் நீளமே உள்ள ஒரு கார்பன் நானோகுழாயை விநாடிக்கு 200 கோடி முறை அதிரவைத்து, ஒரு புரோட்டானின் எடைக்குச் சமமான துல்லியத்தை எட்டியது. பீரோவில் போடும் அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் மூலக்கூறுகள் வந்து அமர்வதை அவர்களால் பின்தொடர முடிந்தது. வியக்க வேண்டிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழாய் கடுங்குளிரில், காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதிர்ந்தது. ரத்தம் அங்கே போக முடியாது.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல்தான் சிக்கலே.

கான்டிலீவர் பட்டை மேலும் கீழுமாக வளைந்து அதிர்கிறது. வெற்றிடத்தில் ஒரு தட்டு தட்டினால் பல ஆயிரம் முறை ஆடித்தான் அடங்கும். அதையே நீரில் போட்டால் சில ஆட்டத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தன்னைச் சுற்றியிருக்கும் நீரையும் அது தூக்கிச் சுமக்க வேண்டும். நீண்ட நேரம் ஒலிக்கும் பொருளின் சுருதியை மயிரிழை சுத்தமாகச் சொல்லலாம். தொப்பென்று நிற்கும் பொருளின் சுருதியை எப்படிச் சொல்வது? ஆகவே வைரஸை நிறுத்தவர்கள் பட்டையைக் கரைசலில் நனைத்து, கழுவி, உலர்த்தி, காற்றிலோ வெற்றிடத்திலோ அளந்தார்கள். உயிர்ப்பொருள் உயிரோடு இயங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று.

இதற்கு எம்.ஐ.டி.யில் ஸ்காட் மனாலிஸும் தாமஸ் பர்க்கும் சேர்ந்து கண்ட விடை, இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை. பட்டையை நீருக்குள் போடுவதற்குப் பதில், நீரைப் பட்டைக்குள் விட்டார்கள். 2007-ல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கருவியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 200 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் பட்டை. அதன் உடம்புக்குள் குடைந்த வாய்க்கால்: அடிப்பக்கத்தில் நுழைந்து, நுனி வரை ஓடி, அங்கே திரும்பி, மறுபடி அடிப்பக்கமே வந்து வெளியேறும். வாய்க்காலின் அகலமும் உயரமும் சில மைக்ரோமீட்டர்தான். பட்டைக்கு வெளியே முழு வெற்றிடம். ஆகவே உள்ளே நீர் ஓடினாலும், காலியாக இருந்தாலும், அதிர்வு ஏறக்குறைய ஒரே மாதிரி நீடிக்கிறது.

இதற்குள் ஒரு செல்லை அனுப்பினால் என்ன ஆகும்? அடிப்பக்கத்தில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்த இடம் அசைவதே இல்லை. செல் நுனியை நோக்கிப் போகப் போக அதிர்வெண் இறங்கும். நுனியில் திரும்பும் கணத்தில் அடிமட்டம். திரும்பி வரும்போது மறுபடி ஏறும். திரையில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் செல்லின் எடை. எதுவும் எதன் மேலும் ஒட்ட வேண்டியதில்லை. வந்தது, நிறுக்கப்பட்டது, போய்விட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். செல் உள்ளே வரும்போது தன் பருமனுக்கு உரிய நீரை வெளியேற்றிவிட்டுத்தான் வருகிறது. எனவே கருவி சொல்வது முழு எடையை அல்ல. அந்த நீரின் எடையைக் கழித்த மிச்சத்தை. உயிர்ப்பொருள்கள் நீரை விடக் கொஞ்சம்தான் அடர்த்தி கூடியவை. ஒரு ஈ.கோலி பேக்டீரியாவுக்கு மிச்சமாகத் தெரிவது அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கே. பிறகு இதே குழு வாய்க்காலையும் பட்டையையும் இன்னும் சுருக்கி, 2014-ல், ஓடும் துகளை ஒரு மில்லிவிநாடிக்குள் ஒரு அட்டோகிராமுக்கும் குறைந்த பிசகோடு நிறுக்கும் நிலைக்கு வந்தது. அட்டோகிராம் என்பது ஃபெம்டோகிராமில் ஆயிரத்தில் ஒன்று. அந்த அளவில் செல்கள் வெளியிடும் எக்சோசோம் எனும் நுண்பைகளைத் தனித்தனியாக நிறுக்கலாம். ஆனால் ஒற்றை ஆன்டிபாடி மூலக்கூறு கால் அட்டோகிராம்தான், அதிலும் நீரின் பங்கைக் கழித்தால் கால்வாசியே தேறும். அதற்கு இன்னும் பத்து மடங்குக்கு மேல் துல்லியம் வேண்டும்.

அந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வரும்? இன்னும் சிறிதாக்கினால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டாவது வழியை, அதாவது அதிர்வெண்ணை நுட்பமாகப் படிப்பதை, எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே எதிரி, இரைச்சல். சிலிக்கான் ஒரு டிகிரி சூடானால் அதன் அதிர்வெண் பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கு குறைகிறது. விநாடிக்கு 2 லட்சம் முறை அதிரும் பட்டைக்கு அது 6 ஹெர்ட்ஸ். நாம் தேடும் எடை தருவதோ ஒரு ஹெர்ட்ஸில் சிறு பின்னம். அறைக் கதவைத் திறந்து மூடினாலே மூலக்கூறு ஒட்டியது போலத் தோன்றலாம். அதனால்தான் பக்கத்திலேயே எதையும் பிடிக்காத இன்னொரு பட்டையை வைத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கிறார்கள். சூடு இரண்டையும் ஒன்றாகப் பாதிக்கும், கழித்தால் போய்விடும்.

வெப்பத்தைக் கட்டிப்போட்டாலும் இரைச்சல் விடுவதில்லை. உலகெங்கும் செய்யப்பட்ட நுண் அதிர்விகளை ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. இயற்பியல் விதிக்கும் எல்லையை விட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகமாகவே அவற்றின் அதிர்வெண் தடுமாறுகிறது என்று அது காட்டியது. அதாவது, கருவியை இன்னும் சுருக்காமலேயே நூறு மடங்கு நுட்பம் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து கனடாவின் ஆல்பர்ட்டாவில் வேய்ன் ஹீபர்ட் குழு, எல்லோரும் பாடமாக நம்பிவந்த ஒன்றையே கேள்விக்குள்ளாக்கியது. அதிர்வு நீடிக்க நீடிக்க நல்லது, அதனால் வெற்றிடமே உத்தமம் என்பது பாடம். அவர்கள் வெற்றிடத்திலிருந்து சாதாரணக் காற்றழுத்தம் வரை மெல்ல ஏற்றிப் பார்த்தார்கள். அதிர்வெண்ணின் நிலைத்தன்மை கெடவில்லை, மேம்பட்டது. காரணம் இது: விரைவில் அடங்கும் பட்டையை இன்னும் பலமாக ஆட்டலாம், ஒழுங்கு குலையாமல் அது தாங்கும். பலமான ஆட்டம் என்றால் இரைச்சலுக்கு மேல் தெளிவான ஒலி. காற்றிலேயே நன்றாக வேலை செய்யும் கருவி என்றால் வெற்றிடப் பம்பும் குளிர்விப்பானும் வேண்டாம். இந்த முடிவு சாதாரண மருத்துவமனைக்கு எவ்வளவு நெருக்கமானது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டும் இடமும் குழப்பும். ஒரே புரதம் நுனியில் ஒட்டினால் பெரிய மாற்றம், நடுவில் ஒட்டினால் சிறிய மாற்றம். இலேசான மூலக்கூறு நுனியில் ஒட்டியதா, கனமானது நடுவில் ஒட்டியதா? கால்டெக்கில் மைக்கேல் ரௌக்ஸ் குழு 2012-ல் ஒரே தண்டை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அதிரவைத்தது. இரண்டு அதிர்வுகளும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு அளவில் மாறுவதால், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எடையும் இடமும் தனித்தனியே கிடைக்கின்றன. ஒற்றைப் புரத மூலக்கூறுகளை வந்து விழ விழ அப்படி நிறுத்தார்கள், அதுவும் வெற்றிடத்தில்.

இனி, வந்து சேரும் பிரச்சினை. மாரடைப்பைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் ட்ரோபோனின்-டி புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது நுண்ணிய பரிசோதனையில் எச்சரிக்கைக் கோடு. மிகக் குறைவாகத் தோன்றுகிறது, ஆனால் ஒரு மில்லிலிட்டரில் அது 20 கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள். ஆட்கள் இருக்கிறார்கள், நம் பட்டையைத் தேடி வருவதுதான் இல்லை. ஒரு புரதம் நிற்கும் நீரில் தானாகப் பரவி ஒரு மில்லிமீட்டர் தூரம் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு, பட்டையின் அளவு பத்தில் ஒன்றானால், நிற்கும் நீரில் விநாடிக்கு அதை வந்தடையும் மூலக்கூறுகளும் பத்தில் ஒன்றாகும். சிறிதாக்கச் சிறிதாக்கக் காத்திருப்பு நீள்கிறது. 2005-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஷீஹனும் விட்மனும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். மூலக்கூறுகளை வலிந்து கொண்டுவந்து சேர்க்க வழி செய்யாவிட்டால், தனியொரு நானோ கருவியின் நடைமுறை எல்லை ஒரு மைக்ரோலிட்டரில் சில லட்சம் மூலக்கூறுகள் என்ற அளவிலேயே நின்றுவிடும் என்பது அவர்கள் முடிவு. ட்ரோபோனின் எச்சரிக்கைக் கோடு கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. எத்தனை நுட்பமான தராசாக இருந்தாலும், தட்டில் சரக்கு விழுந்தால்தானே முள் அசையும்?

இதே கணக்கில்தான் தீர்வும் இருக்கிறது. பரவும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மணி என்றால், 10 மைக்ரோமீட்டருக்கு ஒரு விநாடி கூட ஆகாது. ஆகவே மாதிரியை மெல்லிய வாய்க்காலில் பிடிக்கும் பரப்பை உரசிக்கொண்டு ஓட விட்டால் போதும். எனக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒரு பங்குதான் என்றால், பட்டையைச் சுருக்குவதை விட அந்த வாய்க்காலுக்கே செலவிடுவேன்.

கடைசித் தடை ஆள் மாறாட்டம். புராஸ்டேட் சுரப்பிப் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. புரதம் ஒரு மில்லிலிட்டரில் 4 நானோகிராம் என்ற அளவில் கவனத்துக்கு வருகிறது. அதே மில்லிலிட்டரில் ஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதம் சுமார் 40 மில்லிகிராம். எடைக்கு எடை ஒரு கோடி மடங்கு. தராசுக்குப் பெயர் தெரியாது. ஆல்புமின் ஒட்டினாலும் அது எடைதான். ஆன்டிபாடி பூசி, காலி இடங்களை மூடி, பல முறை கழுவினாலும் கொஞ்சம் வேண்டாதது தங்கிவிடும். இந்த இடத்தில் மாட்ரிட்டில் ஜேவியர் தமாயோவும் மொன்செராட் காலேஜாவும் 2014-ல் செய்தது எளிமையான காரியம். பிடிபட்ட புரதத்தின் வேறொரு பகுதியை அடையாளம் காணும் இரண்டாவது ஆன்டிபாடியைத் தங்கத் துகளில் கட்டி அனுப்பினார்கள். 100 நானோமீட்டர் தங்கத் துகள் சுமார் 10 ஃபெம்டோகிராம். ஒரு பி.எஸ்.ஏ. மூலக்கூறை விட ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு கனம். இரண்டு ஆன்டிபாடியும் ஒப்புக்கொண்டால்தான் தங்கம் ஒட்டும். ஒட்டினால் பட்டை தெளிவாக உணரும். தங்கம் ஒளியையும் பலமாகச் சிதறவைப்பதால், அதே துகளை இன்னொரு வழியிலும் எண்ணிச் சரிபார்த்தார்கள். அடையாளக் குறி ஏதும் இல்லாமல் நிறுப்பதே இக்கருவிகளின் பெருமை என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தும். நோயாளியின் ரத்த நீரில் வேலை நடக்க வேண்டுமானால் இந்தச் சமரசம் தேவை என்பதே என் நிலை.

ட்ரோபோனினையும் பி.எஸ்.ஏ.-வையும் இன்று மருத்துவமனைகள் ஒளி உமிழும் வேதிவினைகளைக் கொண்டு அளக்கின்றன, அந்த முறைகள் நன்றாகவே இருக்கின்றன. அதிரும் தராசு அவற்றோடு மல்லுக்கட்டுவதை விட, எடையால் மட்டுமே சொல்லக்கூடிய செய்தியைச் சொல்வது மேல். 2016-ல் மனாலிஸ் குழு அந்தத் திசையில் போனது. ஒரே சில்லில் பத்துப் பன்னிரண்டு குடைந்த பட்டைகளை வரிசையாக வைத்து, இடையில் வளைந்து வளைந்து போகும் நீண்ட வாய்க்கால்களை அமைத்தார்கள். ஒரே செல் ஒவ்வொரு பட்டையாகக் கடந்து, சுமார் இருபது நிமிடத்தில் பத்து முறைக்கு மேல் நிறுக்கப்படுகிறது. உயிருள்ள செல் அதற்குள் எவ்வளவு வளர்ந்தது என்பது கோடாகத் தெரிகிறது. மூளைப் புற்றுநோய் செல்களுக்கும் ரத்தப் புற்றுநோய் செல்களுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு இந்தக் கோட்டைப் பார்த்தார்கள். மருந்துக்குப் பணியும் செல்லின் வளர்ச்சி, அது சாவதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடுகிறது. பணியாத செல் முன்போலவே எடை கூடிக்கொண்டு போகிறது. எந்த மருந்து இந்த நோயாளிக்குக் கேட்கும் என்பதை அவர் உடம்பில் ஏற்றிப் பார்க்கும் முன்பே அறிய, அவருடைய செல்களையே இப்படி நிறுத்துப் பார்க்க முடியுமா என்பதுதான் அவர்கள் அடுத்து எடுத்துக்கொண்ட கேள்வி.